நோட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள்

1905 செப்டம்பர் 2ஆம் தேதி 'தி ஹிந்து' நாளிதழில் காணாமல்போன ஒரு பையனைப் பற்றிய அறிவிப்பு வந்தது. கும்பகோணத்துப் பையன். கல்லூரியில் கிடைத்துவந்த உதவித்தொகை பறிபோனதும், வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறி விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். துணிக்கடையில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவும், கோயிலில் பஜனை பாடும் அம்மாவும் பதறிப்போய்த் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். "ஆங்கிலத்தில் ஃபெயில் ஆனார், ஆனாலும் கணக்கில் மேதை, ஹார்டிக்குக் கடிதம் போட்டார், கேம்பிரிட்ஜ் போனார்." அவ்வளவுதான். உதவித்தொகை போனதற்கும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனதற்கும் நடுவே முழுசாக எட்டு வருடம் இருக்கிறது. பிள்ளை வளர்க்கிறவர்களும், நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களும் கூர்ந்து பார்க்கவேண்டியது அந்த எட்டு வருடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோற்றுப்போன ஒருவனை இன்னொரு முறை நம்புவது என்றால் நடைமுறையில் என்ன செய்வது என்பது அதில் துல்லியமாகத் தெரிகிறது.

முதலில் அந்தத் தோல்வி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1904இல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் படிப்பை முடித்தபோது கணக்குக்கான பரிசு அவருக்குத்தான். தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி அய்யர், இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண் போதாது, அதற்கு மேலேயே கொடுக்கவேண்டும் என்ற கருத்தில் பேசினார். அதே ஆண்டு உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு வருடத்துக்குள் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று அந்தத் தொகையை இழந்தார். அன்றைய எஃப்.ஏ. வகுப்பில் (கல்லூரியின் முதல் இரண்டு வருடப் படிப்பு) ஆங்கிலம், சமஸ்கிருதம், கணக்கு, உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு என்று எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் தேறினால்தான் தேர்ச்சி. பையனுக்கோ கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் நிற்கவில்லை. மற்ற வகுப்புகளிலும் உட்கார்ந்து கணக்கே போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா கோமளத்தம்மாள் சும்மா இருக்கவில்லை. நேராகக் கல்லூரி முதல்வரிடம் போய், என் பிள்ளைக்கு நிகராகக் கணக்குத் தெரிந்தவன் யார் இருக்கிறான், அவனுக்கு எப்படி உதவித்தொகையை நிறுத்தலாம் என்று கேட்டார். முதல்வர் மரியாதையாகவே பேசினார். ஆனால் விதி விதிதான் என்று அனுப்பிவிட்டார். பருவத்துக்குக் கல்லூரிக் கட்டணம் 32 ரூபாய். அப்பாவின் மாதச் சம்பளம் 20 ரூபாய் சுமார். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

பிள்ளை ஓடிப்போய்த் திரும்பி வந்தபிறகும் அந்தக் குடும்பம் அவரைக் கைவிடவில்லை. 1906இல் சென்னைக்கு அனுப்பி பச்சையப்பன் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே சிங்காரவேலு முதலியார் என்ற கணக்குப் பேராசிரியர் இவரைக் கண்டுகொண்டு, கணிதப் பத்திரிகைகளில் வரும் சிக்கலான கணக்குகளை இவரோடு சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். ஆனாலும் 1906 டிசம்பரில் எஃப்.ஏ. எழுதினார், தோல்வி. 1907இல் திரும்ப எழுதினார், மறுபடியும் தோல்வி.

இந்த இரண்டாம் தோல்வியில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். "இன்னொரு தடவை எழுதுடா" என்பதைத்தான் நாம் இரண்டாவது வாய்ப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராமானுஜனுக்கு அது கிடைத்தது. அதே பாடம், அதே உடலியல், அதே தாள், அதே பையன். முடிவும் அதேதான். தமிழ்நாட்டில் இன்று பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தவறியவர்கள் அந்த ஆண்டே துணைத் தேர்வு எழுதலாம். ஒரு வருடம் வீணாகாது. அந்த ஏற்பாடு எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது, அது அவசியம் வேண்டும். ஆனால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே யாராவது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்காரவில்லை என்றால், தோற்ற இடத்திலேயே அவனைக் கொண்டுபோய் மறுபடி நிறுத்துகிறோம் என்றுதான் அர்த்தம்.

1907க்குப் பிறகு ராமானுஜன் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். காலை மடக்கி, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதுவார். துணி தேடி எடுத்து அழிக்க நேரம் ஆகும் என்று முழங்கையாலேயே அழிப்பார், முழங்கை கருத்துப்போயிருக்கும். காகிதம் விலை அதிகம், ஆகவே முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். வழிமுறை சிலேட்டோடு அழிந்துபோகும். அந்த நோட்டுகளைத்தான் கணித உலகம் இத்தனை வருடமாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறது. அன்று தெருவில் போகிறவர்களின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? இருபது வயதுப் பிள்ளை, இரண்டு கல்லூரியில் தோற்றவன், சம்பாத்தியம் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து கிறுக்குகிறான்.

அந்த வருடங்களில் அவருக்குச் சோறு போட்டது அம்மா. நம் ஊர் அம்மாக்கள் செய்யும் காரியம்தான் என்று இதை எளிதாகத் தாண்டிவிடக்கூடாது. அதிக வருமானம் இல்லாத வீட்டில், வேலைக்குப் போகாத மூத்த மகனைக் கணக்கு நடுவில் எழுப்பாமல் விட்டுவைப்பதற்கு ஒரு திடம் வேண்டும். அதே அம்மாதான் 1909 ஜூலையில் பத்து வயதுச் சிறுமி ஜானகியை அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார். கல்யாணம் ஆனால் பொறுப்பு வரும் என்பது அன்றைய நம்பிக்கை. ராமானுஜனும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வேலை தேடிக் கிளம்பினார்.

1910இல் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். தாலுகா ஆபீஸில் ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை வேண்டும் என்று கேட்டார். ராமசாமி அய்யர் மார்க் ஷீட்டைக் கேட்கவில்லை, கையில் இருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு வேலை கொடுக்க மறுத்தார். வருவாய்த் துறையின் அடிமட்ட வேலை ஒன்றில் போட்டு இந்த அறிவை நசுக்க எனக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

கேட்ட வேலையைக் கொடுத்திருந்தால் அது சுலபமான தயவு. ராமானுஜனும் கும்பிட்டு வாங்கியிருப்பார், வீட்டிலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் அப்படிச் செய்யாமல், சென்னையில் இருந்த பி.வி. சேஷு அய்யருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார். சேஷு அய்யர் கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர். அவர் இன்னொரு கடிதம் கொடுத்து நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார்.

இந்தக் கடிதங்கள் ஏன் இவ்வளவு சரியாகக் கைமாறின? பின்னணி இதுதான். 1907இல் ராமசாமி அய்யர் ஒரு சின்னச் சங்கம் தொடங்கியிருந்தார். கணக்கில் ஆசை உள்ளவர்கள் நாலா பக்கமும் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கிறார்களே, வெளிநாட்டுப் பத்திரிகைகளைச் சேர்ந்து வாங்கித் தபாலில் சுற்றுக்கு விட்டுப் படிக்கலாமே என்ற யோசனை. அதுதான் பிறகு இந்தியக் கணிதச் சங்கம் ஆனது. ராமச்சந்திர ராவ் அதன் செயலாளர். பின்னால் வரப்போகிற போர்ட் டிரஸ்ட் (துறைமுக நிர்வாகம்) நாராயண அய்யர் அதன் பொருளாளர். பத்திரிகை ஆசிரியர் பெங்களூரில் இருந்த எம்.டி. நாராயண அய்யங்கார். பகலில் வரி வசூலும் கணக்கு வழக்கும் கல்லூரிப் பாடமுமாக இருந்துவிட்டு, ராத்திரியில் கணக்குப் போட்டவர்கள். இந்தச் சங்கம் ஆரம்பித்து மூன்று வருடம் கழித்துத்தான் ராமானுஜன் திருக்கோவிலூர் போகிறார். மூன்று வருடம் முன்னால் போயிருந்தால், ராமசாமி அய்யருக்கு எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருக்குமா? வழிகாட்டுவதற்கு நல்ல எண்ணம் போதாது, விலாசமும் தெரிந்திருக்கவேண்டும்.

ராமச்சந்திர ராவுடனான சந்திப்பு 1910 டிசம்பரில் நடந்தது. குள்ளமான, பருத்த, சவரம் செய்யாத, அவ்வளவு சுத்தமில்லாத ஒரு உருவம், கண் மட்டும் பளிச்சென்று இருந்தது, கக்கத்தில் கந்தலான நோட்டு என்று அவரே அதை விவரித்திருக்கிறார். முதல் சந்திப்பில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த ஆள் சொல்வது சரக்கா, உளறலா, அல்லது வேறெங்கோ இருந்து எடுத்ததா? சந்தேகத்தோடு அனுப்பிவிட்டார். ராமானுஜன் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தார். சி.வி. ராஜகோபாலாச்சாரி என்ற பள்ளிக்கூட நண்பர் ஒருவர் (மூதறிஞர் ராஜாஜி இல்லை, அதே பெயர்கொண்ட வேறொருவர்) அவரைப் பிடித்து நிறுத்தி, மறுபடியும் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் நடந்ததை ராமச்சந்திர ராவ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு எவ்வளவு தெரியாது என்பதை அவர் எடைபோட்டுக்கொண்டு, முதலில் எளிய முடிவுகளைக் காட்டினார், அவையே புத்தகங்களைத் தாண்டி இருந்தன, பிறகு படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனார் என்கிறார். ஒரு ஜில்லா கலெக்டர், வேலையில்லாத பையன் முன்னால் உட்கார்ந்து, "எனக்குப் புரியவில்லை, மறுபடி வந்து சொல்" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் உனக்கு என்னப்பா வேண்டும் என்றபோது ராமானுஜன் கேட்டது, சாப்பாட்டுக்கு ஒரு வழியும் கணக்குப் போட நேரமும். நெல்லூரில் ஒரு தாலுகா ஆபீஸில் போட்டுவிடாமல், சென்னையிலேயே இருக்கச் சொல்லி மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து மணியார்டர் அனுப்பினார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அக்கா மகன் ஞாபகம்தான் வரும். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம், நாலு அரியர். வீட்டில் தினமும் சத்தம். "நீயே வந்து கேளுடா, எனக்குத் தொண்டை வற்றிப்போச்சு" என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வழக்கமாக எல்லா மாமாவும் சொல்வதைச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சும்மா அவன் நோட்டைப் புரட்டினேன். முன்பக்கம் பாதிப் பாடம்தான் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினால், பக்கம் பக்கமாகக் கிணற்று மோட்டாரின் உள்பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டு, தேய்ந்த இடத்தைச் சிவப்பில் குறித்திருந்தான். "என்னடா இது?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, சும்மா" என்று நோட்டைப் பிடுங்கப் பார்த்தான். எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினேன். அவர் பத்து நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை சனிக்கிழமை அனுப்புங்க" என்றார். இன்னும் இரண்டு அரியர் பாக்கி இருக்கிறது. ஆனால் அக்கா வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது, பையனும் நிமிர்ந்து பேசுகிறான். அன்று நான் பேசிய புத்திமதி எதுவும் அவனுக்கு உதவவில்லை. எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு தெரிந்தவரிடம் கொண்டுபோனது உதவியது. நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒரு வருடம் முன்னாலேயே திருப்பிப் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

சரி, ராமானுஜனுக்கு வருவோம். மணியார்டர் வந்த காலத்தில் அவர் கணிதச் சங்கப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். 1911இல் அவர் வாசகர்களுக்கு விட்ட ஒரு சவால் பிரபலம். ஒன்றோடு, இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும். அந்த உள் வர்க்கமூலத்துக்குள் ஒன்றும் மூன்று மடங்கு இன்னொரு வர்க்கமூலமும். அதற்குள்ளே நான்கு மடங்கு. இப்படி முடிவே இல்லாமல் உள்ளே உள்ளே போகும். மதிப்பு என்ன? ஆறு மாதம் காத்திருந்தும் யாரும் அனுப்பவில்லை. விடையை அவரே எழுதினார்: 3.

அதே ஆண்டு அவருடைய முதல் பெரிய கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, 17 பக்கத்தில் வெளிவந்தது. அது வெளிவருவதற்குள் ஆசிரியர் நாராயண அய்யங்காருக்கும் ராமானுஜனுக்கும் நடுவே கைப்பிரதி திரும்பத் திரும்பப் போய்வந்தது. ராமானுஜன் எழுதுவது சாதாரண வாசகருக்குப் பிடிபடாது. நாலு படியைத் தாண்டி ஐந்தாவதில் நிற்பார். ஆசிரியர் பொறுமையாகத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பியதும் நம்பிக்கைதான். வேண்டாதவன் கட்டுரையை யார் இத்தனை தடவை படிப்பார்கள்?

ராவின் காசில் எத்தனை நாள் இருப்பது என்று ராமானுஜனுக்கே கூச்சம் வந்தது. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் சில வாரம் தற்காலிக வேலை, மாதம் 20 ரூபாய். பிறகு 1912 பிப்ரவரியில் சென்னை போர்ட் டிரஸ்டுக்கு விண்ணப்பித்தார். மாநிலக் கல்லூரியில் இருந்த மிடில்மாஸ்ட் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் இவருடைய கணிதத் திறமைக்குச் சான்று எழுதிக் கொடுத்தார். மார்ச் 1ஆம் தேதி 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

நல்ல தலைமை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் போர்ட் டிரஸ்ட் ஆபீஸைத்தான் காட்டுவேன். ராமானுஜனுக்கு மேலதிகாரி எஸ். நாராயண அய்யர். பகலில் ஆபீஸ் வேலை. சாயங்காலம் திருவல்லிக்கேணியில் அவர் வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அய்யருக்கும் கணிதம் நன்றாகத் தெரியும். ஆனாலும் ராமானுஜனின் தாவலைப் பின்தொடர முடியாது. நீ என் மட்டத்துக்கு இறங்கிவந்து எழுது, எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று சொல்லிச் சொல்லி, பத்துப் படியை இரண்டில் சுருக்கியதை விரித்து எழுதவைத்தார். தன் கீழ் வேலை செய்யும் குமாஸ்தாவிடம் எனக்குப் புரியவில்லை என்று தினம் சொல்ல அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் ஹார்டிக்கு எழுதும்போது ராமானுஜனுக்குக் கைகொடுத்தது இந்தச் சாயங்காலப் பழக்கம் என்றே நினைக்கிறேன்.

அவருக்கும் மேலே டிரஸ்டின் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் கட்டியதில் பேர் வாங்கிய பொறியாளர். நாராயண அய்யர் ராமானுஜனைப் பற்றி அவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பிரிங் தனக்குத் தெரிந்த பெரிய இடங்களை எல்லாம் பயன்படுத்தினார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் தன் ஆசிரியரான ஹில்லுக்கு எழுதிக் கேட்டார். ஹில், இந்த இளைஞருக்குத் திறமை இருக்கிறது, ஆனால் முடிவிலாத் தொடர்களில் இடறியிருக்கிறார், அதைச் சரிசெய்ய இன்ன புத்தகம் படிக்கட்டும் என்று பதில் போட்டார். முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை என்றாலும் ஒதுக்காமல் எழுதிய பதில் அது. கேம்பிரிட்ஜில் இரண்டு பெரிய பேராசிரியர்கள் ராமானுஜனின் கடிதத்துக்கு உதவியாக ஒன்றும் செய்யவில்லை.

1913 ஜனவரி 16இல் ஜி.எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம் இத்தனைக்கும் பிறகு வருகிறது. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் பத்துப் பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். ஹார்டி பிப்ரவரி 8இல் பதில் எழுதினார். அதற்கு ராமானுஜன் எழுதிய மறுகடிதத்தில், என் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பரை உங்களிடம் கண்டேன் என்று சொல்லிவிட்டு, என் மூளையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குச் சாப்பாடு வேண்டும், இப்போது அதுதான் முதல் கவலை என்று நேரடியாக எழுதினார். திறமைக்கு வழிகாட்டுகிறோம் என்று சொல்பவர்கள் இந்த வரியை மறக்கக்கூடாது.

சாப்பாட்டுக்கு வழி சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. அந்த பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார்கள். அவர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். ஆனால் ஆராய்ச்சி உதவித்தொகைக்குப் பட்டம் வேண்டும். எஃப்.ஏ.கூட முடிக்காதவருக்கு எப்படி? பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் கூட்டத்தில் விவாதம் நடந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஆர். சுந்தரம் அய்யர், பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டத்தின் முகப்பிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்று இருக்கிறதே என்று எடுத்துக்காட்டினார். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. நிபந்தனை ஒன்றுதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று அறிக்கை தரவேண்டும்.

கும்பகோணத்தில் கோமளத்தம்மாளிடம் விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிய முதல்வரை நான் குறை சொல்லமாட்டேன். தனி ஆளாக அவரால் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனால் சுந்தரம் அய்யர் அதே விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். இந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டார். வீட்டிலும் அப்படித்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாட்டுக் கேட்கக்கூடாது என்று சட்டம் போடுகிறோம். அந்தப் பிள்ளைக்குப் பாட்டுதான் எல்லாம் என்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பதா?

ஹார்டி கேம்பிரிட்ஜுக்கு வரச் சொன்னார். ஆனால் கடல் தாண்டிப் போவது வைதிகக் குடும்பத்தில் பெரிய பிரச்சினை. 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்ற இளம் கேம்பிரிட்ஜ்காரர் ராமானுஜனோடு பழகி நம்பிக்கையைச் சம்பாதித்தார். அம்மா சம்மதிக்கவேண்டுமே? நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து, மகன் வழியில் குறுக்கே நிற்காதே என்று சொன்னதாகக் கோமளத்தம்மாள் கூறினார். கனவோ, மனமோ, அம்மாவின் சம்மதம் கிடைத்தது. மார்ச் 17 அன்று கப்பல் கிளம்பியது.

கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு சிக்கல் இருந்தது. இந்த மனிதருக்கு நிரூபணம் என்றால் என்ன என்று முறையாகத் தெரியாது. முதலிலிருந்து பாடம் நடத்தினால் அவருடைய தன்னம்பிக்கையும் ஊற்றும் வற்றிவிடுமோ என்ற பயம். விட்டுவிட்டால் தவறான முடிவுகளிலேயே இருப்பார். ஆகவே அவசியமானதை மட்டும், கணக்கோடு கணக்காகச் சொல்லிக் கொடுத்தார். நான் அவரிடம் கற்றதுதான் அவர் என்னிடம் கற்றதைவிட மிக அதிகம் என்று பின்னால் எழுதினார். 1917இல் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ பதவிக்கு ராமானுஜன் பெயர் நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மறுபடி முயன்று வாங்கினார்கள். ராயல் சொசைட்டி உறுப்பினர் கௌரவமும் 1918இல்தான்.

ஆனால் ஹார்டி கவனிக்காமல் விட்டதும் ஒன்று உண்டு. தினமும் கணக்குப் பேசினார்கள், மற்றதைப் பேசியதாகத் தெரியவில்லை. உலகப்போர்க் காலம். சைவச் சாப்பாட்டுக்குப் பொருள் கிடைப்பது அரிது, தானே சமைத்துக்கொள்ளவேண்டும், சில நாள் சமைக்காமலே இருந்துவிடுவார். பி.சி. மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ராமானுஜன் குளிரில் எப்படித் தூங்குகிறார் என்று ஒருநாள் விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பேன், ஆனாலும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். உள்ளே போய்ப் பார்த்தால் கம்பளிகள் கட்டிலிலேயே இருந்தன, மெத்தைக்கு அடியில் ஓரம் செருகிப் படிய விரித்திருந்தது. அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மகலனோபிஸ் விரிப்பை மடித்துக் காட்டினார். ராமானுஜன் நெகிழ்ந்துபோனாராம். பின்னாளில் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர் இந்த மகலனோபிஸ்தான். அவர் செய்த பெரிய காரியங்களில் இந்தக் கம்பளியையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

1917இல் நோய் வந்தது. ஊரிலும் நிம்மதி இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கணவருக்குத் தான் எழுதிய கடிதங்கள் போய்ச் சேராமல் தடுக்கப்பட்டன என்று ஜானகி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மகனுக்காக முதல்வரிடம் வாதாடிய, கடல் தாண்ட விடைகொடுத்த அதே அம்மாதான். பிள்ளையின் திறமையை விட்டுக்கொடுக்காத பாசம், பிள்ளையின் வாழ்க்கையை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன் என்றது. மனசு கனக்கிறது, ஆனால் இதை மறைத்துவிட்டு அம்மாவைப் புகழ்வதில் பயனில்லை.

1919 ஜனவரி 11 அன்று, இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தபடி ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்குத் தர முடிவு செய்திருக்கும் தொகை தன் தேவைக்கு மேல் இருக்கிறது, பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்துவிட்டு, தன் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழை மாணவர்கள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளில் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்று கேட்டார். பருவத்துக்கு 32 ரூபாய் கட்ட முடியாமல் ரயிலேறி ஓடியவர் அவர். அந்த மார்ச்சில் நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகிக்கு அப்போது 21. பம்பாயில் சகோதரர் வீட்டில் சில வருடங்கள் இருந்து தையல் கற்றுக்கொண்டு சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் தனியாக வீடு எடுத்தார். துணி தைத்தும், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். 1950இல் அவருடைய தோழி ஒருவர் இறந்துபோனார். தோழியின் சின்ன மகன் தனித்து நின்றான். ஜானகி அந்தப் பையனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தார், தையல் காசில் படிக்கவைத்தார். பையன் வளர்ந்து வங்கி அதிகாரி ஆனான். 1994இல் ஜானகி கண்மூடும்வரை உடன் இருந்து பார்த்துக்கொண்டது அந்த மகன்தான்.